மூலம் எது, இலக்கு எது?

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவைக் கைப்பிடித்த நாள்முதல் உன்னைச் சொந்தத் தம்பியாகவே நினைத்துவரும் மாமா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை. உன் அக்கா நலம். என் நலம் பற்றிக் கீழே போகப் போக நீயே தெரிந்துகொள்வாய்.

போனில் பேசலாமே என்பாய். வீடு இரண்டே அறை, உன் அக்காவுக்குப் பாம்புச் செவி. மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனின் பூட்டு எண்ணே அவள் பிறந்தநாள்தான். ஆகவே குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சந்தேகம் வராமலிருக்க அவ்வப்போது குழாயைத் திறந்து மூடுகிறேன்.

போன மாதம் வந்தபோது எஸ்.எஸ்.டி. என்று ஒரு புது டிஸ்க் கொடுத்துவிட்டுப் போனாயே, அக்காவின் லேப்டாப்பில் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் அது விழித்துக்கொள்ளும், அஞ்சு நிமிஷ வேலை மாமா என்றாயே, அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் என் குடி முழுகியது. அவள் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூர் போனாள். திரும்பி வரும்போது அசத்திவிடலாம் என்று உன் குறிப்புச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி மருந்து அறையில் டாக்டர்கள் கையெழுத்தைப் படித்தவன் நான். உன் கையெழுத்து அதைவிட மோசம். முதல் வரியே, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும் என்கிறது. என் உடம்பில் மின்சாரம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பயந்துபோய்ச் சமையலறை இரும்புக் குழாயைக் கால் மணி நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பதினோரு திருகாணியைக் கழற்றி, பதினோரு மாத்திரை டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினேன். உன் எஸ்.எஸ்.டி. என் ஆள்காட்டி விரல் அளவுகூட இல்லை. இதற்குள்ளா அவளுடைய ஒன்பது வருடமும் போய் உட்காரப்போகிறது என்று அப்போதே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஒன்பது வருடம் என்றால் எது என்று உனக்குத் தெரியும். அவள் எழுதும் சிலந்திப் புத்தகம். நாற்பத்திரண்டு வகைச் சிலந்தி, ஆயிரத்துச் சொச்சம் படம், வரும் திங்கள்கிழமை பதிப்பகத்தில் கொடுக்க வேண்டும். எனக்குச் சிலந்தி என்றாலே குலை நடுக்கம். ஆனாலும் அவள் சுவர் மூலையில் தலையை விட்டுப் படமெடுக்கும்போதெல்லாம் டார்ச் பிடித்தவன் நான்தான், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். உன் எஸ்.எஸ்.டி.யை உள்ளே பொருத்தி, பழையதிலிருந்து புதியதுக்கு நகலெடுக்க நீ கூடவே கொடுத்த பென்டிரைவைச் செருகி லேப்டாப்பை முடுக்கினேன். எனக்குப் புரியட்டும் என்று எல்லாவற்றையும் தமிழில் வரும்படி செய்து கொடுத்திருந்தாய், நல்ல மனசு, அதுதான் என்னைக் கவிழ்த்தது. திரையில் முதல் கேள்வியே, "மூலத்தைத் தேர்ந்தெடுக்கவும்." எனக்கு அந்த வியாதி இல்லையே என்று ஒரு நிமிஷம் விழித்தேன். கீழே, "இலக்கைத் தேர்ந்தெடுக்கவும்" என்று இருந்தது. சரி, இது வேறு மூலம் என்று தெளிந்து, மருந்து அறைக் கணக்கில் யோசித்தேன். சீல் பிரிக்காத புதுச் சரக்கு எதுவோ அதுதானே மூலம்? மருந்து எந்த நோயாளிக்குள் போகிறதோ அவன்தானே இலக்கு? ஆக, புது டிஸ்க் மூலம், சீக்காளிப் பழைய டிஸ்க் இலக்கு. இலக்கில் உள்ளவை அனைத்தும் அழியும், சம்மதமா என்று கேட்டது. வியாதிதானே அழியப்போகிறது என்று சந்தோஷமாகச் சம்மதித்தேன். அஞ்சே நிமிஷம்தான் ஆச்சு. நீ சொன்ன வார்த்தை தவறலயேன்னு உன்னை வாழ்த்தினேன் பாரு, என் வாயில மண்ணைப் போட. புது டிஸ்க்குல இருந்த வெறுமையை எடுத்துப் பழைய டிஸ்க் முழுக்க நிரப்பிட்டேன். ரெண்டும் காலி. சீட்டுல கடைசியா டிரிம்முன்னு ஒண்ணை ஆன் பண்ணு, இன்னொண்ணை ஆஃப் பண்ணுன்னு எழுதியிருந்த. எதுல பண்றது, என் தலையிலயா?

பழைய டிஸ்க்கை வெளியே உருவி, கை பழக்கம் விடவில்லை, மார்க்கரால் அதன்மேல் 'டீச்சருடையது. குலுக்கக் கூடாது' என்று எழுதி, பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது மேல வேற எதுவும் எழுதிடலையே சார்? எழுதினா போச்சு" என்றாள். "எழுதிட்டேம்மா. மார்க்கர்ல" என்று டிஸ்க்கைத் திருப்பிக் காட்டினேன். அவள் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு உள்ளே போய், ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். பழையது சுழலுற டிஸ்க், அதனால் தோண்டிப் பார்க்கலாம், புது டிஸ்க்கில் இப்படி அழிந்து, அழிந்த இடத்தைத் துடைத்தெடுக்கும் அந்த டிரிம்மும் ஓடியிருந்தால் சாம்பல்கூட மிஞ்சாது என்றாள். மூன்று வாரம் ஆகுமாம். எனக்கு இருப்பதோ திங்கள்வரைதான்.

உன் அக்கா வந்து ஆறு நாள் ஆகிறது. வந்ததும் லேப்டாப் எங்கே என்றாள். தூசி தட்டக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம், சரி என்றால் எங்கே போய் ஒளிவது? பயத்தில் பாத்திரம் நான்தான் தேய்க்கிறேன், துணி நான்தான் துவைக்கிறேன், பரண்மேல் ஏறி அவள் சிலந்திகளுக்குத் தொந்தரவு இல்லாமல் சுத்தம் செய்தேன். ராத்திரி சாப்பாட்டில் அவள் என்னைப் பார்த்தாலே பொரை ஏறுது மாப்ளே. அந்தப் புத்தகத்தோட பிரதி ஏதாவது உன்கிட்ட இருக்கா? ஒரு பக்கமாவது? இல்லன்னா திங்கட்கிழமை நேரா வந்து, தப்பு என்னுதுதான் அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ கூடப்பிறந்தவன், உன்னை மன்னிச்சிடுவா.

குழாயை மூட மறந்ததில் குளியலறை முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல். நீ நீடூழி வாழ்க, இனி யாருக்கும் எஸ்.எஸ்.டி. பரிசளிக்காமல்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன் மாமா

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். உறையை ஒட்ட மறந்து வாசல் தாண்டப் போனார், நான் ஒட்டித் தபாலில் போடுகிறேன் என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கடைப் பெண் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவள், இவரையும் அடையாளம் தெரியும். மார்க்கர் எழுத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் போன் செய்துவிட்டாள். பயிற்சி நடந்த ஊரில்தான் பதிப்பகம், புத்தகத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய் நேரிலேயே கொடுத்துவிட்டேன். சமர்ப்பணப் பக்கத்தை மட்டும் கொடுக்கக் கூச்சமாக இருந்தது, திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். அழிந்தது அந்த ஒரு பக்கம்தான். பரவாயில்லை, எனக்கு மனப்பாடம்: 'ஒன்பது வருடமும் கண்ணை இறுக மூடிக்கொண்டு எனக்கு டார்ச் பிடித்தவருக்கு.'

ஞாயிறுவரை அவரிடம் மூச்சு விடாதே. ஜன்னல்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன.