ஈட்டியப்பரின் முதுகுக்கு முழு மதிப்பெண்

ஒரு காட்டில், தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ள முடியாத முள்ளம்பன்றி ஒருவர் வாழ்ந்துவந்தார். பெயர் ஈட்டியப்பர். ஒரு காலத்தில் அவர் முள்ளைச் சிலிர்த்தால் சிறுத்தையே வழிவிட்டு ஒதுங்கும். இப்போது வயதாகிவிட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டது. மழை வந்தால் முன்னங்கால்கள் இரண்டும் வீங்கிவிடும். குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. முட்களுக்கு நடுவே உண்ணிகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறி, பேரன் பேத்தி எடுத்துக்கொண்டிருந்தன.

அவர் கல்யாணம் ஆகாதவர். ஆகவே வளையில் வேறு துணையும் கிடையாது.

அந்தக் காட்டின் அரசாங்கம் 'அவரவர் வளையிலேயே அரவணைப்பு' என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. முடியாதவர்கள் எங்கும் போக வேண்டாம். குளிப்பாட்ட, முள்ளோ முடியோ சீவிவிட, வெளிக்கு அழைத்துப்போக ஓர் உதவியாளர் வீடு தேடி வருவார். ஈட்டியப்பருக்கு அப்படி வாய்த்தவன் தாண்டவன் என்ற குரங்கு.

"பெரிசு, முதுகைக் காட்டு" என்றான் வந்த முதல் நாளே.

"எதுக்குடா?"

"படம் பார்க்க. காட்டுய்யா!"

முள்ளம்பன்றியைக் குளிப்பாட்டுவது லேசான வேலை அல்ல. முதல் வாரம் தாண்டவனின் விரல்களெல்லாம் ஓட்டை. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வசவு. ஒவ்வொரு வசவுக்கும் ஈட்டியப்பரிடமிருந்து ஒரு பதில் வசவு. ஆனால் போகப் போக எந்த முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே கை வைத்தால் அவருக்கு வலிக்கும், எங்கே வைத்தால் தனக்கு வலிக்கும் என்பதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. வெந்நீர் ஊற்றி, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குரங்கு வழக்கப்படி வாயில் போட்டுக்கொள்வான்.

ஈட்டியப்பருக்கு உள்ளூரக் கூச்சம் தந்த சமாச்சாரம் ஒன்றுதான்: வெளிக்குப் போவது. சிறுத்தையை மிரட்டிய உடம்பை இன்னொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று கூனிக் குறுகிப்போவார். தாண்டவன் முள் இல்லாத வயிற்றுப் பக்கமாகக் கைகொடுத்துத் தூக்கி, முகத்தை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டு, அத்தி மரத்தில் நேற்று எந்தக் குரங்கு எந்தக் குரங்கை அறைந்தது என்று கதை சொல்ல ஆரம்பிப்பான். கதை முடிவதற்குள் காரியம் முடிந்திருக்கும். "அப்புறம் அந்தக் கடுவன் என்னடா ஆனான்?" என்று கேட்டுக்கொண்டே ஈட்டியப்பர் வளைக்குத் திரும்பியிருப்பார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் கொக்கு ஒருவர் வந்து வாசலில் ஒற்றைக் காலில் நின்றார். நீண்ட கழுத்தில் அடையாள அட்டை. இறக்கை இடுக்கில் டேப்லெட்.

"நான் வெண்மணி. இல்லப் பராமரிப்புத் தர மதிப்பீட்டு அலுவலர். உங்களுக்கு அளிக்கப்படும் சேவை எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்ய வந்திருக்கிறேன். பயப்படாமல் பேசலாம்."

ஈட்டியப்பருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தாண்டவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று வளைக்கு வெளியே நகர்ந்து உட்கார்ந்தார். தாண்டவன் அவர் முதுகில் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"உதவியாளர் உங்களை மரியாதையாக நடத்துகிறாரா?" என்று கேட்டார் கொக்கு.

"மரியாதையா!" ஈட்டியப்பர் குலுங்கிச் சிரித்தார். "நேத்துகூட என்னை முள்ளு மூட்டைன்னான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"போடா வாலுன்னேன்."

கொக்கு அலகால் திரையில் இரண்டு கொத்து கொத்தினார். "தொடுவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா?"

"முள்ளம்பன்றியை யோசிக்காம எவன் ஐயா தொடுவான்?"

"கேட்கிறாரா, இல்லையா?"

"கேட்க மாட்டான். எனக்கு அரிக்கிறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சுடும்."

கொக்கு மறுபடி கொத்தினார். அந்த நேரம் பார்த்துத் தாண்டவன் கொழுத்த உண்ணி ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டான். கொக்கின் கழுத்து விறைத்தது.

"என்ன தின்கிறீர்கள்?"

"உண்ணிங்க."

"யாருடைய உண்ணி?"

"பெரிசோடதுதான்."

"பணி நேரத்தில், பயனாளியின் உடைமையை, பயனாளியின் கண் முன்னாலேயே..." கொக்கு வேகவேகமாகக் கொத்தினார்.

"ஐயா, அது என் உடைமை இல்ல. என்னைப் பிடிச்ச பீடை!" என்றார் ஈட்டியப்பர்.

"உங்கள் உடம்பில் இருப்பது உங்களுடையதுதான் பெரியவரே. உங்கள் உரிமையை நீங்களே விட்டுக்கொடுக்காதீர்கள்" என்று கனிவோடு சொல்லிவிட்டுக் கொக்கு பறந்துபோனார்.

மறுநாளே உத்தரவு வந்தது. வாய்ச்சண்டை, அனுமதியின்றித் தொடுதல், பயனாளியை உறிஞ்சிப் பிழைத்தல் ஆகிய காரணங்களுக்காகத் தாண்டவன் பணியிலிருந்து நீக்கப்பட்டான். சேவை செய்யும் நோக்கத்தோடு எந்தப் பயனாளியின் வளைக்கும் இனி அவன் போகக் கூடாது.

"நல்லாப் பேசினே பெரிசு" என்றான் தாண்டவன், வெந்நீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தபடி. "வாயைத் திறந்தாலும் முள்ளுதான்."

"டேய், நான் உன்னைப் பாராட்டித்தானடா பேசினேன்!"

"இன்னும் கொஞ்சம் பாராட்டியிருந்தா என்னைச் சிங்கத்துக்கிட்டப் பிடிச்சுக் கொடுத்திருப்பாங்க." திரும்பிப் பார்க்காமல் மரமேறிப் போய்விட்டான். ஈட்டியப்பர் அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை.

அடுத்து வந்தவள் பரிமளம். புனுகுப் பூனை. அவள் வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும். இல்லப் பராமரிப்பில் சான்றிதழ் வாங்கியவள். கழுத்தில் எப்போதும் கைப்பேசி தொங்கும்.

"வணக்கம் ஐயா. நான் உங்களைக் குளிப்பாட்டலாமா?"

"தாராளமா."

"உங்கள் சம்மதத்துக்கு நன்றி." அவரையும் தண்ணீர்ச் சட்டியையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் துறைக்கு அனுப்பினாள். பிறகு சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"குளிப்பாட்டலையா?"

"படம் ஏறிடுச்சு ஐயா."

சீவுவதற்கும் அப்படித்தான். சீப்பை அவர் முதுகுக்கு மேலே பிடித்தபடி ஒரு படம். சீப்பு கடைசிவரை கீழே இறங்கவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, தினமும் காலையில் வளை வாசலில் நின்று கணீரென்று அவள் கேட்ட கேள்விதான்.

"ஐயா! இன்றைக்கு மலம் கழித்தாகிவிட்டதா? ஆமாவா, இல்லையா?"

அவள் குரல் ஓடைக்கு அந்தக் கரைவரை கேட்கும். தண்ணீர் குடிக்க வந்த மான்களெல்லாம் தலை நிமிர்ந்து, பதிலுக்காகக் காத்து நிற்கும். ஈட்டியப்பர் கண்ணை மூடிக்கொண்டு "ஆச்சு, ஆச்சு" என்று பொய் சொல்வார். பிறகு அவள் போனதும் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு தானே புதர்வரை ஊர்ந்து போவார். சில நாள் புதர்வரை போய்ச் சேர மாட்டார். அப்படிப்பட்ட ஒரு நாளில், ஈர மண்ணில் கிடந்தபடி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவர் அழுதார்.

உண்ணிகளுக்கோ கொண்டாட்டம். இரண்டாம் தலைமுறை போய் மூன்றாம் தலைமுறைக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது.

மறு ஆய்வுக்குக் கொக்கு வந்தபோது ஈட்டியப்பர் தயாராக இருந்தார். "ஐயா, இந்தப் பொண்ணு என்னைத் தொட்டதே இல்ல!"

"தொடுதலில் எல்லை காக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே கொக்கு கொத்தினார். "மிக நன்று."

"குளிச்சு மாசமாச்சு ஐயா!"

"குளிக்கும் படங்கள் தினமும் வந்திருக்கின்றனவே. நீங்களே சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்."

"அது சிரிப்பு இல்ல. அரிப்பு!"

"கோபத்தை அடக்காமல் வெளிப்படுத்துகிறீர்கள். முன்பு இந்தத் தைரியம் உங்களிடம் இல்லை. இதுவும் பரிமளம் தந்த முன்னேற்றம்தான்." இன்னொரு கொத்து. "முழு மதிப்பெண்!"

பரிமளம் அடக்கமாகத் தலைகுனிந்து நின்றாள். வாசனை கும்மென்று அடித்தது.

ஈட்டியப்பர் குரலை இறக்கிக் கேட்டார். "இந்தச் சேவை வேண்டாம்னு எழுதிக்கொடுத்தா?"

"மனம் சோர்ந்திருக்கிறார் என்று முடிவு செய்து, காலையோடு மாலையும் வரச் சொல்வோம்."

"அப்போ இதுலேர்ந்து தப்பிக்க வழியே இல்லையா?"

"குணமாகிவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம்" என்றார் கொக்கு. கழுத்து வருத்தத்தோடு வளைந்தது. "ஆனால் இதுவரை யாரும் குணமானதில்லை."

அன்று முழுக்க ஈட்டியப்பர் யோசித்தார். மறுநாள் பரிமளத்தைக் கூப்பிட்டு, "உன் சேவையில நான் குணமாயிட்டேன்மா. உங்க அதிகாரியை வரச் சொல்லு" என்றார். அவள் உடனே அவரோடு ஒரு படம் எடுத்து அனுப்பினாள்.

கொக்கு பறந்து வந்தார். அவர் வருவதற்கு முன்பே ஈட்டியப்பர் எப்படியோ ஊர்ந்து, வளைக்குப் பக்கத்திலிருந்த காட்டு வாழை மரத்தருகே போயிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னங்கால்களில் எழுந்து நின்றார். இடுப்புக்குள் யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகியதுபோல் இருந்தது. முகத்தில் மட்டும் புன்னகை.

"நிற்கிறீர்களே!" என்று வியந்தார் கொக்கு. "ஆனால் இது போதாது. துறையின் விதிப்படி, ஆரோக்கியம் என்றால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்."

"முள்ளம்பன்றியுமா?"

"விதியை எழுதியவன் நான்தான்" என்றார் கொக்கு பெருமையாக.

ஈட்டியப்பர் ஒரு கணம் கண்ணை மூடினார். மான்கள் தலை நிமிர்ந்து காத்திருந்த காலைகள் நினைவுக்கு வந்தன. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, முள்ளை முழுதாகச் சிலிர்த்து, பின்பக்கமாகச் சாய்ந்தார். முட்கள் சதக்கென்று வாழைத்தண்டுக்குள் இறங்கின. சுவரில் அடித்த படம்போல மரத்தில் பதிந்துபோனார். அப்புறம் ஒரு காலைத் தூக்கினார். போதாதென்று மற்றக் காலையும் சேர்த்துத் தூக்கினார்.

கொக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்னால்கூட முடியாது! பரிமளம், நீங்கள் காட்டுக்கே கிடைத்த பொக்கிஷம்!"

அங்கேயே பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. மற்ற உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பரிமளத்தைத் தலைநகருக்கு அழைத்துப்போனார்கள். கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். ஈட்டியப்பர் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. இறங்கவும் முடியவில்லை, கூப்பிடவும் மானம் இடம் கொடுக்கவில்லை. தொண்டை வறண்டது. கடைசியில் மானத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கத்தினார்.

"டேய் வாலு!"

மேலே கிளை அசைந்தது. "காலையிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது பழகிய குரல். "நீயா கூப்பிடட்டும்னு இருந்தேன்."

"பார்த்துக்கிட்டு இருந்தியா? நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்!"

"சாகிறவன் இவ்வளவு சத்தமாப் பேச மாட்டான்." தாண்டவன் இறங்கி வந்து, வயிற்றுப் பக்கம் கைகொடுத்துத் தாங்கி, ஒவ்வொரு முள்ளாக மரத்திலிருந்து விடுவித்தான். முதுகு முழுக்க உண்ணி மொய்த்திருப்பதைப் பார்த்தான். பிறகு, "தண்ணி சுட வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

"முள்ளு மூட்டைன்னு திட்டுடா" என்றார் ஈட்டியப்பர்.

"முள்ளு மூட்டை" என்றான் தாண்டவன், மெல்ல.

அன்றிலிருந்து அவன் தினமும் வந்தான். ஈட்டியப்பர் பட்டியலில் இல்லாதவர். ஆகவே பயனாளி இல்லை. ஆகவே அவன் வருவது சேவை இல்லை. உண்ணிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அத்தி மரத்துச் சண்டைகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

ஆனால் காட்டில் எதுதான் ரகசியமாக இருக்கும்? ஒரு காலையில், வெந்நீர் ஆவி பறக்கத் தாண்டவன் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒற்றைக் கால் ஒன்று வந்து நின்றது.

"பதிவு செய்யாத சேவை நடப்பதாகப் புகார் வந்திருக்கிறது" என்றார் கொக்கு கடுமையாக. "நீக்கப்பட்ட இவர் இப்போது உங்களுக்கு என்ன உறவு? உதவியாளரா? நண்பரா? நண்பர் என்றாலும் ஆய்வு உண்டு."

தாண்டவனின் கை முதுகிலேயே நின்றுவிட்டது. ஈட்டியப்பருக்குப் போன தடவை உண்மை பேசி அவனை இழந்தது போதும் என்று தோன்றியது.

"நண்பனா? இவனா?" என்று சீறினார். "இவன் என் ஜென்ம விரோதி! தினமும் சண்டைக்கு வர்றான். பார்க்கலையா, என் மேல சுடுதண்ணி ஊத்துறான்!"

தாண்டவன் புரிந்துகொண்டான். "ஆமாய்யா! இந்தக் கிழவனைச் சும்மா விட மாட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஒரு பெரிய உண்ணியைப் பிடுங்கிக் கடித்தான். "இவன் சொத்தையெல்லாம் தின்னே தீருவேன்!"

கொக்கு டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளித் தேடினார். நெடுநேரம் தேடினார்.

"சண்டை எங்கள் பிரிவில் வராது" என்று கடைசியில் நிம்மதியாகச் சொல்லி, மற்றக் காலையும் ஊன்றினார். "நடத்துங்கள்."

அவர் பறந்து மறையும்வரை இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இருந்தார்கள். மறைந்த பிறகும் நிறுத்தவில்லை.

நீதி: உடம்புக்கு முடியாதவர்கள் காலத்தோடு ஒரு நல்ல எதிரியைத் தேடிக்கொள்க, நண்பர்களையெல்லாம் அரசாங்கம் ஆய்வு செய்துகொண்டிருக்கிறது.