பெயர் வேண்டாம்

"இதை அவர் கண்ணுல காட்டினா, வந்த காரிலேயே திரும்பிப் போயிடுவார்" என்றார் பதிவாளர், தாளை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்தபடி.

தாளை எழுதியவள் முன்னாள் மாணவர் பிரிவின் எழுத்தர். எதற்கெடுத்தாலும் கட்டம் போட்டு எழுதுவதால் பல்கலைக்கழகம் முழுவதும் அவளுக்குப் பட்டியல் அக்கா என்றே பெயர். வீட்டில் சோப்புக் கட்டி கரைந்தால்கூட, இந்த மாதம் எத்தனை நாள் வந்தது, போன மாதம் எத்தனை நாள் வந்தது என்று இரண்டு கட்டம் இருக்கும்.

இப்போது அவள் ஒப்பிட்டிருந்தது இரண்டு பல்கலைக்கழகங்களின் நிலைநிதியை. நன்கொடையாக வந்த பணத்தை முதலாகப் போட்டுவைத்து, அதில் கை வைக்காமல், வட்டியை மட்டும் எடுத்துப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழிப்பார்களே, அந்த நிதி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் தொகை கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்துத் தொகையைச் சுற்றி ஏராளமான காற்றோட்டம்.

இந்த ஒப்பீட்டைக் கேட்டவர் ஒரு சிமெண்ட் முதலாளி. இளங்கலையை இங்கேயும் முதுகலையை அங்கேயும் படித்தவர். 'படிக்க வைத்த இரண்டு இடங்களுக்கும் இதுவரை நான் ஒரு காசு கொடுத்ததில்லை. அது மனதை உறுத்துகிறது. ஏதாவது ஒன்றுக்குப் பெரிய தொகை தருவேன். ஒப்பிட்டு அனுப்புங்கள், சனிக்கிழமை வருகிறேன்' என்று எழுதியிருந்தார்.

அவர் கொடுத்தால் முன்னாள் மாணவர் பிரிவு நிரந்தரமாகும். கொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் பிரிவுக்குப் பூட்டு, பட்டியல் அக்காவின் வேலைக்கும் சேர்த்து. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. கணவரின் தையற்கடையிலோ கிழிசல் தைக்க வருகிறவர்களைத் தவிர யாரும் இல்லை.

"நாம ஜெயிக்கிற மாதிரி ஒரு கட்டம் கண்டுபிடிங்க" என்றார் பதிவாளர்.

ஒரு மாணவருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தாள். தோல்வி. பத்து வருட வளர்ச்சியைப் பார்த்தாள். படுதோல்வி. வளாகத்து மரங்களையும் சொத்தில் சேர்க்கலாமே என்று பதிவாளர் யோசனை சொன்னார். சேர்த்த பிறகுதான் அந்தப் பக்கம் ஒரு காடே இருப்பது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள், கடவுளை நினைத்துக்கொண்டு பழைய அலமாரியைத் திறந்தாள். உள்ளே கட்டுக்கட்டாகப் பழுப்புத் தபால் உறைகள். ஒவ்வொன்றின் மேலும் பச்சை மையில் ஒரே ரப்பர் முத்திரை: 'நிலைநிதிக்கு. பெயர் வேண்டாம்.' இருபத்திரண்டு வருடம், ஒரு மாதம்கூடத் தவறாமல், மடித்த நோட்டு ஒன்றை யாரோ அனுப்பியிருந்தார்கள். தேநீர்ச் செலவுக்குக் காணாத தொகை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காததால் அதன் வட்டியையும் யாரும் எடுக்கவில்லை. வட்டி முதலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி வந்து, யாருக்கும் தெரியாமல் நிலைநிதியில் கால் பங்காக வளர்ந்து உட்கார்ந்திருந்தது.

அந்தப் பக்கத்து எழுத்தரிடம் தொலைபேசியில் கேட்டாள். முன்பின் தெரியாத அந்த மனிதர் இரண்டு மணி நேரம் தேடிவிட்டு, அப்படி ஒருவர்கூடத் தங்களிடம் இல்லை என்று பெருமூச்சோடு சொன்னார். உங்களுக்கு நல்லது நடக்கட்டும் என்றும் சொன்னார்.

'ஒரு மாதமும் தவறாதவர்' என்று புதுக் கட்டம் பிறந்தது. இங்கே ஒருவர், அங்கே எவருமில்லை.

பதிவாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பட்டியலின் அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'அந்தப் பெருந்தகையைச் சனிக்கிழமை நீங்கள் நேரில் சந்திக்கலாம்.' அனுப்பிய மறுநாளே முதலாளியிடமிருந்து பதில் வந்துவிட்டது. 'இப்படி ஒருவர் இருக்கிற இடத்துக்குத்தான் என் பணம். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.'

"அவர் யாருன்னு நமக்கே தெரியாதே சார்" என்றாள் பட்டியல் அக்கா.

"தெரியும்னு நான் எங்க எழுதினேன்? சந்திக்கலாம்னுதானே எழுதினேன்."

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். உறை அனுப்புகிறவர் தயவுசெய்து பச்சை முத்திரையோடு வரவும். புதன்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு பேர் கையிலும் பச்சை முத்திரை இருந்தது. வாசலுக்கு எதிரே முத்திரை செய்து விற்கிறவர், வாழ்நாளில் இப்படி ஒரு வாரம் பார்த்ததில்லை என்று பட்டியல் அக்காவுக்கு நன்றி சொல்லி அனுப்பினார். பன்னிரண்டாவதாகச் சிற்றுண்டிச் சாலைக்காரர் முத்திரை இல்லாமலே வந்திருந்தார். பலருக்கும் கடன் சொல்லித் தேநீர் கொடுத்திருப்பதால் அந்தப் பெருந்தகை தானாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இதற்கிடையில் இன்னொரு கவலையும் முளைத்தது. எப்போதும் மூன்றாம் தேதிக்குள் வந்துவிடும் உறை இந்த மாதம் பத்தாம் தேதியாகியும் வரவில்லை.

பதிவாளர் வேறு வழி பார்த்தார். ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்தார். முப்பது வருடத்தில் முப்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம் என்பதால் மௌனசாமி என்று பெயரெடுத்தவர். வந்து உட்கார்ந்து சிரித்தால் போதும், தேநீரும் பிஸ்கட்டும் உண்டு என்றதும் தலையாட்டிவிட்டார். அவர் போட்டுக்கொள்ளக் கோட்டு ஒன்றை, கணவரிடம் கொடுத்துக் குறுக்குவதற்காகப் பட்டியல் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"யாருக்கு இது?" என்றார் கணவர்.

"தைங்க, கேக்காதீங்க."

"நீ கட்டம் போடாம பதில் சொல்றேன்னா, ஏதோ தப்பு நடக்குது."

கோட்டு அளவாக வந்தது. அவள் மனம்தான் அளவுக்குள் வரவில்லை. பெயரே வேண்டாம் என்று கொடுத்த ஒரு நல்ல மனிதருக்குப் பதிலாக, பிஸ்கட்டுக்கு வந்த ஒருவரை உட்கார வைக்கிறோமே என்று கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாள். உறைக்காரர் உடம்பு சுகமாக இருக்கட்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சிமெண்ட் முதலாளி மனைவியோடு வந்து இறங்கினார். தடித்த கைப்பை வைத்திருந்த அந்த அம்மாள் அதிகம் பேசவில்லை. அவர் படிக்கக் குனிந்தால் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். பேனா தேடினால் பேனா. கைக்கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை.

கூட்ட அறை மேசையில் உறைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தபால் முத்திரையிலிருந்த ஊர்ப் பெயர்களைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"இந்த ஊர்லெல்லாம் நானும் வேலை பார்த்திருக்கேன். பாருங்களேன், ஒரே தெருவுலகூட இருந்திருப்போம். பழகாம விட்டுட்டேனே" என்று மௌனசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இத்தனை ஊருக்கும் எதுக்காகப் போனீங்க ஐயா?"

மௌனசாமி இந்த ஊரின் பேருந்து நிலையத்தைத் தாண்டியதில்லை. சிரித்தார். கேள்வி மறுபடியும் வந்தது. இன்னும் அகலமாகச் சிரித்தார். பதிவாளர் முந்திக்கொண்டு, ரயில்வே உத்தியோகம் என்றார். எந்தப் பிரிவில் என்று முதலாளி கேட்டார். ஆய்வகப் பிரிவு என்று பதிவாளர் வாயில் வந்துவிட்டது.

பட்டியல் அக்கா எழுந்தாள். மகளின் முகம் ஒரு கணம் கண் முன்னால் வந்து போனது.

"சார், இவர் இல்லை. உறை அனுப்புறவர் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. தேடினோம், கிடைக்கலை. கிடைச்ச மாதிரி காட்டினது தப்பு. உறை வந்தது மட்டும் சத்தியம்."

பதிவாளர் மின்விசிறியைப் பார்த்தார். மௌனசாமி கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, "அப்பாடா" என்றார்.

முதலாளி கோபப்படவில்லை. கையிலிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உண்மையைச் சொன்னீங்க. அது போதும்மா. ஆனா அவரைப் பார்த்தாத்தான் கையெழுத்துன்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிட்டேன். இந்த மாசம் உறை வந்ததா?"

"இல்லை சார்" என்றாள். "இருபத்திரண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வயசானவரோ என்னவோ. அவருக்கு என்ன ஆச்சோ."

அப்போதுதான் அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, பச்சை முத்திரை குத்திய பழுப்பு உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க; முதல் சம்பளம் வாங்கின அன்னைக்கு, முதல்ல படிச்ச இடத்துக்குப் பேர் போடாம மாசாமாசம் அனுப்பச் சொன்னீங்க, அப்புறம் நிறுத்தச் சொல்லவே இல்லை, எப்படியும் இங்கதானே வரப்போறோம்னு இந்த மாசத்துதைத் தபால்ல போடாம கையோட எடுத்துட்டு வந்துட்டேன்."