பல்லுக்கு எல்லைக்கல் நட்டவர்

தன் பற்களுக்கு வரைபடம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சர்வே நம்பர் கொடுத்து, மாதம் பிறந்தால் முதல் தேதியன்று எல்லை அளந்து பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரோடு நான்கு வருஷம் ஒரே அறையில் குடியிருந்த பாக்கியசாலியும் ஒருவன்தான். அது அடியேன்.

நன்னிலம் பக்கத்தில் ஒரு தாலுகா ஆபீஸ். அவர் சர்வேயர், வயலில் அவர் கூவுகிற அளவுகளை நோட்டில் எழுதிக்கொள்ளும் கிளார்க் நான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி ஊருக்கும் உலகத்துக்கும் அவர் 'எல்லைக்கல்'. ஆட்சி மாறினால் எங்கள் ஆபீஸ் சுவரில் படம் மாறும், ஆணி மாறாது. எல்லைக்கல் அந்த ஆணியின் ஜாதி.

பிறவியில் அவருக்கு முன்பற்கள் தூக்கலாக இருந்தன. விவசாயக் கூலிக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். அதனால் பேசும்போது இடது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம். சர்வேயரான பிறகும் அது போகவில்லை. ஒரு கையில் நிலம் அளக்கிற சங்கிலி, ஒரு கையில் வாய். நோட்டைப் பிடிக்க மூன்றாவது கையை அரசாங்கம் சாங்ஷன் செய்யாததால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

முப்பத்திரண்டு வயதில் ஒருநாள் கிளம்பிப் போய்ப் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "சர்வேயர் வாய்க்குக் கம்பி வேலி போட்டுட்டாரு" என்று தாலுகா முழுக்கச் சிரித்தது. அவர் அசையவில்லை. மாதாமாதம் தஞ்சாவூர் பஸ். இரண்டு வருஷம். பல் வரிசைக்கு வந்தது. கை கீழே இறங்கியது.

கிளிப்பைக் கழற்றிய டாக்டர், ரோஸ் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கொடுத்தார். அண்ணத்தில் ஒட்டி உட்காரும்; முன்பற்களைச் சுற்றி ஒரு கம்பி ஓடும். ரீடெய்னர் என்று பெயர். அதைப் போடாமல் விட்டால் பல் பழைய இடத்துக்கே நகர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் மூன்று மாதத்தில் மறந்திருப்பார்கள். சொல்லப்பட்டதோ ஆயுள் முழுக்க வரப்புத் தகராறு பார்க்கிற ஆளிடம்.

"யோவ் கிளார்க்கு, பல்லும் பங்காளி மாதிரிதான்யா" என்பார். "ஒவ்வொரு போகத்துக்கும் வரப்புல அண்டை வெட்டுறேன்னு மம்பட்டியால ஒரு விரக்கடை சீவுவான். கேட்டா, 'நானா? நான் அந்தப் பக்கமே வரலியே'ம்பான். பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா அரை மா நிலம் அவன் பக்கம் கிடக்கும். நகரவே மாட்டான், ஆனா நகந்திருப்பான்!"

"டாக்டர் ராத்திரி மட்டும் போட்டாப் போதும்னாராமேண்ணே?"

"ஏன், வரப்பு வெட்டுறவன் பகல்ல வெட்ட மாட்டானா?"

ஆகவே இருபத்து நாலு மணி நேரமும் அது வாயில்தான். சாப்பிடும்போது மட்டும் வெளியே வந்து, தண்ணீர் ஊற்றிய ஒரு சோப்பு டப்பாவில் தங்கும். வருஷக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி நாளில் தாசில்தார் முறைத்துப் பார்த்து, "அது என்னய்யா வாயில? எடுத்துட்டுப் பேசு" என்றார். "ஸ்டே ஆர்டருங்க சார், வெக்கேட் பண்ண முடியாது" என்றார் எல்லைக்கல். தாசில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வேலை மிஞ்சியது.

ஒரேயொரு முறை அவர் தோற்றார். மஞ்சள் காமாலை வந்து சொந்த ஊரில் மூன்று வாரம் படுத்தபோது ரீடெய்னர் அறையிலேயே கிடந்துவிட்டது. முன்பல் ஒன்று கதவு மாதிரி லேசாகத் திரும்பிக்கொண்டது. மறுபடி கிளிப், மறுபடி எட்டு மாதம், மறுபடி வாய்க்குக் கை. புது ரீடெய்னர் கொடுத்த கையோடு டாக்டரும் வெளிநாடு போய்விட்டார். "இதுவும் போனா நான் போனேன்யா" என்று எல்லைக்கல் என்னிடம் சொல்லி வைத்தார். அவர் அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஏனென்றால் நானும் சின்ன வயதில் கிளிப் போட்டவன்தான். என் ரீடெய்னரை ஒரு கல்யாணப் பந்தியில் இலையோரம் கழற்றி வைத்து, பாயசத்தில் மெய்மறந்து, இலையோடு சேர்த்து மடித்துவிட்டு எழுந்தேன். அப்புறம் என் பற்கள் அவரவர் பூர்வீகத்துக்குக் குடிபெயர்ந்தன. எல்லைக்கல் என் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வாய் பூராவும் ஆக்கிரமிப்புய்யா உனக்கு. அளந்தா எவன் இடம் எதுன்னே சொல்ல முடியாது!"

அப்படிப்பட்ட நான்தான் ஒரு நாள் காலையில், பக்கத்து வீட்டு மாமி கொடுத்த மாவடு ஊறுகாயை எடுத்து வர வேறு டப்பா அகப்படாமல், அந்தச் சோப்பு டப்பாவில் போட்டுக்கொண்டு அவரோடு அளவைக்குக் கிளம்பினேன்.

போன ஊரில் ஒரு பெரிய வழக்கு. மிராசுதார் வைத்திலிங்கம் ஒரு பக்கம். அவர் நிலத்தில் முன்பு நடவு நட்டு, பிறகு பட்டா வாங்கிய அஞ்சம்மாள் மறுபக்கம். நடுவில் ஒரு வரப்பு. தன் நிலத்தில் அறுபது குழியை, அதாவது அரை மாவுக்கும் மேலே, வரப்பு விழுங்கிவிட்டது என்பது அஞ்சம்மாளின் புகார். மிராசுதார் ஒரு கட்சி; அஞ்சம்மாள் அதிலிருந்து பிரிந்த கட்சி. இரண்டு கொடிக்கம்பமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஏற்கனவே இரண்டு மண்டை உடைந்திருந்தது. எல்லைக்கல் காலையெல்லாம் அளந்து முடித்துவிட்டார். மத்தியானம் கல் நட வேண்டியதுதான் பாக்கி.

அளக்கப் போன இடத்தில் எந்தக் கட்சி வீட்டிலும் அவர் கை நனைக்க மாட்டார். அதனால் கோயில் மண்டபத்தில் பொதுச் சமையல். அரிசி மிராசுதாருடையது, குழம்பு அஞ்சம்மாள் தரப்பு. பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு தரப்பும் ஒரே பந்தியில், யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தன.

"டப்பா எங்கய்யா?" என்றார் எல்லைக்கல். திறந்து பார்த்தார். மாவடு அவரைப் பார்த்தது.

ரீடெய்னரைக் கழற்றித் தன் இலையின் ஓரத்தில், நுனிக்கு அடியில் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும், சங்கிலியை ஒரு கன்றுக்குட்டி இழுக்கிறது என்று யாரோ கத்த, எழுந்து ஓடினார். நான் சும்மா இருந்திருக்கலாம். மாவடு செய்த பாவத்துக்குப் பரிகாரமாகட்டும் என்று, என் இலையை அவர் இலைமேல் வைத்து, இரண்டையும் ஒன்றாகப் பவ்யமாக மடித்துக் கொடுத்தேன். இலைகள் கோயில் பின்புறக் குப்பைமேட்டுக்குப் போய்விட்டன.

எல்லைக்கல் திரும்பி வந்தார். வெறும் தரையைப் பார்த்தார். நாக்கால் பல்லைத் தடவினார். அப்போது அவருடைய இடது கை மெல்ல மேலே ஏறி வாயை மூடிக்கொண்டது.

நான் குப்பைமேட்டுப் பக்கம் பார்த்தேன்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. "சர்வேயர் பல்லுச் செட்டைக் காணுமாம்! கல்லு நடக்கூடாதுன்னு அவங்கதான் தூக்கிட்டாங்க!" என்றது அஞ்சம்மாள் தரப்பு.

"யாரப் பாத்துடா திருடன்ங்கிற?" என்று எதிர்த் தரப்பு வேட்டியை மடித்துக் கட்டியது. கம்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்று ஒரு குரல். என்னுடையதுதான்; எனக்கே அதிர்ச்சி. "இலையோட மடிச்சது நான்தாங்க."

இரண்டு கட்சியும் முதல் முறையாக ஒரே கருத்துக்கு வந்தன. "ஏன்யா, நீ படிச்சவன்தானே?" என்றார் மிராசுதார். "படிச்ச மூஞ்சியா இது?" என்றார் அஞ்சம்மாள்.

எல்லைக்கல் என்னைத் திட்டவில்லை. சங்கிலியை எடுத்தார். நேராகக் குப்பைமேட்டுக்குப் போய் அதை அளக்க ஆரம்பித்தார்! வாயை மூடிய கை மூடியபடியே இருக்க, மறு கையால் குச்சி நட்டு நான்கு உட்பிரிவு போட்டார். கிழக்கே இரண்டு மிராசுதார் ஆட்களுக்கு, மேற்கே இரண்டு அஞ்சம்மாள் ஆட்களுக்கு. "ஒரு இலையா எடுத்துப் பிரிங்க. பிரிச்சதை இந்தாண்ட போடுங்க. கலக்காதீங்க."

மேட்டோரம் ஒரு பசு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அஞ்சம்மாள் தயங்காமல் அதன் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். "இல்லீங்கய்யா. இதுக்குச் சொந்தப் பல்லுதான்."

"சர்வேயர் சார், அடையாளம் ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் மிராசுதார், முழங்கை வரை சாம்பாராக.

எல்லைக்கல் என்னைக் காட்டினார். "இவன் பாவக்கா தின்ன மாட்டான். பாவக்கா அப்படியே கிடக்கிற இலையைத் தேடுங்க."

பாகற்காய் கிடைத்தது. கூடவே ரோஸ் நிறத் தட்டும், கம்பி வளையாமல். கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே ஓடிய சங்கிலிக்கு நேர் அடியில்.

"எங்க பக்கம்தான் கிடைச்சுது!" என்றது கிழக்கு.

"கண்ணு தெரியலியா? இது எங்க பக்கம்!" என்றது மேற்கு.

"ரெண்டு பேருதும்தான்" என்றார் எல்லைக்கல். யாரோ கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டு ஓடிவர, "ஐயையோ, வெந்நி வேணாம், வளைஞ்சிடும்!" என்று அலறி, பச்சைத் தண்ணீரில் ஏழெட்டு முறை கழுவி மாட்டினார். 'டக்'கென்று உட்கார்ந்தது. கை இறங்கியது. கூட்டம் கைதட்டியது, கம்புகளைக் கீழே போட்டால்தானே தட்ட முடியும்.

அன்று சாயங்காலம் கல் நடப்பட்டது. அஞ்சம்மாளின் அறுபது குழி அவர் பக்கம் திரும்பியது. மிராசுதார் முனகினார், ஆனால் கையெழுத்துப் போட்டார். "உங்க பல்லை நாங்க நகர விடலீங்கய்யா. எங்க கல்லை நீங்க பாத்துக்குங்க" என்றார் அஞ்சம்மாள்.

பஸ்ஸில் வரும்போது நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் மாவடு டப்பாவை என்னிடம் நீட்டி, "இதை நீயே வச்சுக்க. நாளைக்கு எனக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துரு" என்றார். வாங்கிக் கொடுத்தேன், பூட்டு வைத்ததாக.

பிறகு அவருக்கு மயிலாடுதுறைக்கு மாற்றலானது. வழியனுப்பு விழாவில் எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லோரும் வாயை இறுக்கிக்கொண்டு விறைப்பாக நிற்கிறோம். என் ஆக்கிரமிப்புகள் வெளியே தெரியக்கூடாதென்று நான் கைக்குட்டையால் வேறு மறைத்திருக்கிறேன். நடுவில் எல்லைக்கல் ஒருவர் மட்டும் முப்பத்திரண்டு சர்வே நம்பரும் தெரியச் சிரிக்கிறார். எப்போது அந்தப் படத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அவர் கைகளைத்தான். இரண்டும் கீழேதான் இருக்கின்றன.