சவர்க்கார மிஸ்ஸும் தலைவரின் பையும்

நாவற்குடாவில் சவர்க்கார மிஸ்ஸிடம் ஏச்சு வாங்காத ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். இந்த மாவட்டத்தில் தன்னைத் தவிர எவரும் ஒழுங்காகக் குளிப்பதில்லை என்பது அவருடைய முடிவு.

எச்.ஐ.வி.யோடு வாழும் சிலருக்கு மாதாமாதம் சவர்க்காரம், பற்பசை, துவாய், நப்கின் கொடுக்கும் வேலை எங்கள் சேர்ச்சில் மிஸ்ஸின் பொறுப்பு. வாங்குகிறவர்கள் யார் என்பது அவருக்கும் போதகருக்கும் மட்டுமே தெரியும். எங்கள் சபையாரின் தாராளம் ஊரறிந்தது. ஹோட்டலில் சும்மா கிடைத்த சவர்க்காரத் துண்டையும் நரைத்துப்போன துவாயையும் ஏழைகளுக்கென்றே பத்திரப்படுத்தி வைப்பார்கள். மிஸ் ஒவ்வொரு கட்டியையும் மணந்து பார்த்துத்தான் எடுப்பார். நான் கொண்டுபோனதை மணந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதால நீங்க குளிப்பீங்களா மனே?"

"இல்ல மிஸ்."

"உடுப்புத் தோய்ப்பீங்களா?"

"அதுக்கும் சரிவராது."

"மறுகா என்ன துணிவில இஞ்ச கொண்டந்த நீங்க?"

சபைத் தலைவர் அச்சகக்காரர். கொடுப்பதை நாலு பேர் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மிஸ் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம், பொதிகளை எல்லாம் தான் அச்சடித்த துணிப் பைகளில் போட்டுவிட்டார். பையின் இரண்டு பக்கமும் தலைவரின் சிரித்த முகம். கீழே கொட்டை எழுத்தில், 'எச்.ஐ.வி.யோடு வாழும் உறவுகளுக்கு அன்பளிப்பு'. அன்று கண்ணாடி போடாத போதகர், எழுத்தை வாசிக்காமலே அவற்றை வந்தவர்களிடம் கொடுத்தும் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மிஸ் பையைக் கண்டார். காய்ச்சல் பறந்துவிட்டது.

"சோறு சமைச்சு வித்துப் புள்ளையள வளக்கிறவள் ஒருத்தி இதத் தூக்கிட்டுச் சந்தியால நடந்து போயிருக்காள். ஆரெண்டு கேக்காதீங்க. சோத்தால இது தொத்தாது எண்டு எனக்குத் தெரியும். ஊருக்கு ஆர் படிப்பிக்கிற? நாளைக்கு அவள்ட சோத்த ஆர் வாங்குவான்?"

"நல்ல நோக்கத்திலதானே மிஸ் செஞ்சன்" என்றார் தலைவர். இப்படிச் சொல்பவர்களை ஒரு வாரம் பட்டினி போட வேண்டும், நல்ல நோக்கத்தில்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கேற்றடியில் மிஸ். தலைவர் மிச்சம் வைத்திருந்த பைகள் அத்தனையும் பக்கத்தில். தான் வேண்டாமென்று ஒதுக்கிய சவர்க்காரங்களை அவற்றில் போட்டு, வருகிற ஒவ்வொருவர் கையிலும் திணித்தார். பாடகர் குழு, போதகர், போதகரின் மனைவி, நான், ஒருவரையும் விடவில்லை.

"சந்தைக்குப் போனாலும் மீன் வாங்கினாலும் இனி இந்தப் பைதான். வெறுங்கையோட கண்டன் எண்டா தெரியும்."

தலைவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். "இதோட என்னக் கண்டா சனம் என்ன நினைக்கும் மிஸ்?"

"அத அச்சடிக்க முதல் கேட்டிருக்கணும். பிடிங்க."

பிடித்தார். அந்த மாதம் முழுக்க நாவற்குடாவில் பஸ் ஏறியவர், மீன் வாங்கியவர், எல்லார் கையிலும் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். இதில் யாருக்கு அந்த நோய் என்று ஊர் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் களைத்துப் போனது.

பிறகொரு நாள் தெருவில் மிஸ் என்னை மறித்தார். "அவள்ட சோறு ஒரு பருக்கை மிஞ்சாம விக்குதாம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அதை நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்ததும் என் சட்டைக் கொலரைப் பார்த்து முகம் சுளித்தார்.

அந்த மனுசியின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே கிழடாகிப் போக எனக்குச் சம்மதம்.