காணி நடுவில் ஒரு நீலக் கதிரை

திருகோணமலையில் கடலைத் தவிர மற்ற எல்லாத்துக்கும் விலை சொல்லத் தெரிந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கதிரைத் தரகர். ஆனால் காணி வாங்க வருகிறவரைக் கண்டால் அவர் வாயில் முதலில் வருகிற சொல் "வேண்டாம்". இப்படி ஒரு தரகரை ஈரேழு உலகத்திலும் தேடினாலும் கிடைக்காது.

அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்காரிக்கே ஞாபகம் இருக்குமோ தெரியாது. சைக்கிள் கரியரில் எந்த நேரமும் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை கட்டியிருக்கும். வேண்டாம் என்ற பிறகும் நீங்கள் அடம்பிடித்தால், அதைக் காணி நடுவில் போட்டு, பொழுதுபடும்வரை உங்களைத் தனியே இருத்திவிட்டுப் போவார். உறுதிப் பத்திரத்தைச் சட்டத்தரணி பார்ப்பார், காணியைக் கதிரை பார்க்கும் என்பது அவருடைய கதை.

கிண்ணியா முதலாளி ஒருவர் அப்படி இருந்தபோது, பின்னேரம் ஒரு பட்டி மாடு அவரைச் சுற்றிக்கொண்டு போனதாம். பின்னால் வந்த மாட்டுக்காரர், பாட்டன் காலத்திலிருந்து இதுதான் எங்கட பாதை என்றாராம். லண்டன்காரர் ஒருவரைக் கொட்டுகிற மாரியில் கொண்டுபோய் இருத்தினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் மனிதர் எழும்பி நேரே விமான நிலையத்துக்குப் போனதாகக் கேள்வி. கிண்ணியா முதலாளி இன்றைக்கும் பெருநாளுக்குத் தரகருக்குச் சாப்பாடு அனுப்புகிறார்.

எனக்கும் அந்தக் கண்டம் வந்தது. பாலையூற்றில் ஒரு காணி, சொந்தக்காரர் கனடாவில். வங்கிக் கடன் எடுத்து, மனிசியின் தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் அடகு வைத்து அதை வாங்கி, பாதியில் வீடு கட்டி, மற்றப் பாதியை விலை ஏறியதும் விற்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். சட்டத்தரணி உறுதி சுத்தம் என்றார். வங்கியும் தலையாட்டியது. தரகர் மட்டும் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கதிரை வந்தது.

குடை பிடித்துக்கொண்டு இருந்தேன். ஓட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, என்ன அண்ணை, உண்ணாவிரதமோ என்று கேட்டார். இல்லையென்றதும் ஏமாந்து போனார்.

மத்தியானம் திரும்ப ஒரு பெண் வந்து கிணற்றில் தண்ணீர் அள்ளி, மூலையில் நின்ற தேசிக்காய் மரத்துக்கு ஊற்றினா. பிறகு எதிர்ப்பக்கத்து வாடகை அறைக்குப் போய் எனக்கு இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தா. கனடாக்காரரின் தங்கச்சியாம்.

"அண்ணா அனுப்பின ஆள்தானே நீங்கள்? வீடு கட்டத் தொடங்கப் போறாரோ? எனக்கும் ஒரு அறை வைப்பன் எண்டு சொன்னவர்."

தமையன் வெளிநாடு போகக் காசு புரட்டவேண்டுமென்று தன் பங்கையும் அவர் பேருக்கே எழுதிக் கொடுத்தவவாம். ஆக, கடதாசியில் அவவுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. தேத்தண்ணியைக் கீழே வைக்கப் பார்த்தேன். அவ பார்த்துக்கொண்டு நின்றதால் முழுக்கக் குடித்தேன்.

பொழுதுபடக் கதிரையைத் தூக்க வந்தவர்மேல் பாய்ந்தேன். சட்டத்தரணியே சரி சொன்ன காணியில் என்னை ஏன் இருத்தினீர்கள் என்றேன்.

"ஓம் தம்பி, வாங்கலாம். சட்டம் மறிக்காது. அவவின்ர தேத்தண்ணியைக் குடிச்சனீங்களோ?"

"குடிச்சனான்."

"அப்ப கஷ்டம்."

எல்லாம் தெரிந்துதான் இருத்தினாரோ என்று கேட்க இன்றுவரை எனக்குப் பயம். அவர் கைபேசியில் கனடாவை எடுத்தார். வாங்க ஆள் இருக்கு, விலையும் சரி, தங்கச்சிக்கு மட்டும் நீங்களே சொல்லுங்கோ என்றார். போனை எதிர்ப்பக்க அறை வாசலில் நின்ற அவவின் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்கத் தொடங்கினார். அவ "அண்ணா" என்று மட்டும் சொன்னா. அன்றிரவே கனடாவிலிருந்து தரகருக்கு அழைப்பு வந்தது, காணியைப் பாதியாகப் பிரிப்பம் என்று.

கனடாக்காரர் கல்நெஞ்சர் இல்லை, முகம் பார்க்காமல் விற்றுவிட நினைத்தவர். கிணறும் தேசிக்காயும் உள்ள பாதி தங்கச்சி பேருக்குப் போனது. மற்றப் பாதி எனக்கு. நில அளவையாளர் வந்து பிரித்து, வங்கி முதலிலிருந்து கடதாசி கேட்டு, நான் படாத பாடு பட்டேன். விற்றுப் பணம் பார்க்கிற கனவும் போச்சு. தரகருக்கும் தரகு பாதியானது. அதைச் சொன்னால், பாதிக் காணிக்குப் பாதிதானே என்றார். இந்த மனிசனை என்ன செய்கிறது!

வீடு குடிபுகுந்த அன்றும் கதிரையோடுதான் வந்தார். முற்றத்தில் போட்டு இருந்தார். உள்ளே வாங்கோ ஐயா என்று கூப்பிட்டேன்.

"பொறுங்கோ தம்பி, ஆரும் வந்து ஏதும் சொல்லுகினமோ எண்டு பாப்பம்."

ஒருத்தரும் வரவில்லை. தங்கச்சி கொட்டில் போட்டிருந்த பக்கத்து வளவிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி மட்டும் வந்தது. பொழுதுபட எழும்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். கதிரை முற்றத்திலேயே நின்றது.

மறந்துபோயிட்டார் என்று மனிசி சொன்னா. அடுத்த கிழமை நிலாவெளி வீதியில் புதுக் கதிரையோடு அவர் போவதைக் கண்டேன். பழையதில் நான் இன்னும் ஒருத்தரையும் இருக்க விடவில்லை. அவர் எப்ப வந்தாலும் இருக்கட்டும்.