பதினாலு அறை வீட்டுக்காரி மகள்

ஒரு காட்டில், அரசாணைப்படி, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் அக்கரைக் காட்டு விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே இலவச இடம் ஒன்றே ஒன்று. அது தன் மகள் கோமுவுக்குத்தான் என்று பெருச்சாளி பேச்சியம்மா நம்பியிருந்தாள். பரீட்சையில் கோமு தொண்ணூற்றாறு. சிங்கத்தின் பிள்ளை பதினொன்று. நம்பாமல் என்ன செய்வாள்?

அந்தச் சமயம் பார்த்து முனைவர் நரியார் வந்து சேர்ந்தார். வீட்டுச் சூழலும் சிந்தனைத் திறனும் மாணவர் கல்வி அடைவை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்கிறாராம். அவர் ஆய்வறிக்கையைப் பார்த்துத்தான் இடமாம்.

படிவத்தோடு வளை வாசலில் உட்கார்ந்தார்.

"வீட்டில் எத்தனை அறை அம்மா?"

வீடு தேடி வந்தவரிடம் வீட்டைக் குறைத்துச் சொல்வது பேச்சியம்மாவுக்குப் பழக்கமில்லை. "பதினாலு இருக்கு ஐயா! நெல்லுக்கு ஒண்ணு, கடலைக்கு ஒண்ணு, பிள்ள பெற ஒண்ணு…"

"படிக்க?"

"அதுக்கும் தனியா ஒண்ணு இருக்கு. ஆனா மழை பெஞ்சா பதினாலும் முங்கிரும். பகல்லயே கண்ணு தெரியாது."

"அதற்குக் கட்டம் இல்லையே அம்மா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பதினாலு என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

அடுத்துச் சிங்கத்தின் பாறைக்குப் போனார். கறி விருந்து தடபுடல். ஏப்பம் விட்டுக்கொண்டே படிவத்தை நிரப்பினார். அறை: இல்லை. கூரை: இல்லை. கதவு: இல்லை. தந்தை: எந்நேரமும் உறக்கம். தாய்: இரவுப் பணி. எழுதும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு சிந்தனைத் திறன் தேர்வு. ஒரே கேள்வி: "ஆற்றில் பாலம் இல்லை. எப்படிக் கடப்பாய்?" கோமு மூன்று வழி எழுதினாள். வெள்ளம் வந்தால் எது ஆகாது என்றும் எழுதினாள். வெள்ளம் அவளுக்குத் தெரியாததா? சிங்கக்குட்டி தாள்மேல் தலைவைத்துத் தூங்கியது.

முடிவைப் பள்ளி மைதானத்தில் நரியாரே வாசித்தார்.

"கோமு விடையை எழுதிவிட்டதால் அவள் சிந்தனை முடிந்துவிட்டது. சிங்கக்குட்டி இன்னும் சிந்தித்துக்கொண்டிருக்கிறது. தவிர, நல்ல வீட்டுச் சூழலில் ஓர் அறைக்கு ஏழு மதிப்பெண் வீதம் தானாகவே வந்துவிடும். பதினாலு அறைக்குத் தொண்ணூற்றெட்டு. கோமு எடுத்ததோ தொண்ணூற்றாறு. வீடு கொடுத்ததில் இரண்டைத் தொலைத்திருக்கிறாள். ஒரு கூரைகூட இல்லாமல் பதினொன்று எடுத்த ஏழைக்கே இடம்."

கைத்தட்டல் காதைப் பிளந்தது. சிங்கத்தின் எதிரில் தட்டாமல் இருக்க யாருக்கும் தைரியமில்லை. பேச்சியம்மாவும் தட்டினாள். தட்டிய கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வரும் வழியில் கோமு கேட்டாள். "என் மார்க்குல எனக்குன்னு ஒண்ணுமே இல்லையாம்மா?"

"நாந்தான் கெடுத்தேன் தாயி. பெருமைக்குப் பதினாலுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்." பேச்சியம்மா நடுவழியில் உட்கார்ந்து அழுதாள்.

"நீ உள்ளதத்தானம்மா சொன்ன" என்றாள் கோமு. "கேள்விய மட்டும் படிச்சோம். கேக்கது யாருன்னு படிக்காம விட்டுட்டோம்."

இவ்வளவு யோசிக்கிற பிள்ளை அதன்பிறகு பள்ளிப் பக்கமே போகவில்லை. சிங்கக்குட்டி அக்கரைக்குப் போயிற்று. பாலம் இல்லாததால் நான்கு எருமைகள் சுமந்துகொண்டு போயின.

நீதி: வீடு நன்றாக இருந்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும், பிள்ளை நன்றாகப் படித்தால் அந்தப் பெருமை வீட்டையே சேரும். ஆகவே பெற்றோர்களே, பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.