பெல்ட் மாற்றும் நேரம்

இந்தப் பிறவியில் இனி பெல்ட் மாற்றுவதில்லை என்று லேத்துக்காரர் முடிவு செய்தார். சோற்றை விட்டாலும் விடுவேன், பெல்ட்டைத் தொட மாட்டேன் என்கிற அளவுக்கு வைராக்கியம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அவரைவிட இரண்டு வயது மூத்த லேத். இரும்பைச் சுழலவிட்டு, உளியால் சீவி, உருளைகள் செய்து கொடுப்பது அவர் தொழில். பெரிய இரும்பு மெதுவாகச் சுழல வேண்டும், சின்னது வேகமாகச் சுழல வேண்டும். அந்தக் கிழட்டு இயந்திரத்துக்குத் தெரிந்தது நான்கே வேகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மோட்டாரை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டைத் தளர்த்தி, புல்லி என்கிற படிச்சக்கரத்தின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளி, மறுபடி இறுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒரு நாளைக்கு ஏழு தடவை.

ஐந்து நிமிடம் அவருக்குப் பெரிதில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் மனைவி வருவதுதான் பெரிது.

இரும்பை மாட்டவும் கழற்றவும் கிளட்சைத் தள்ளினால் போதும், இரும்பு மட்டும் நிற்கும். மோட்டார் பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். பெல்ட் மாற்றும்போது மட்டும்தான் கொட்டகை அமைதியாகும். அந்த அமைதி காதில் விழுந்ததும் சமையலறைக் கதவு திறக்கும். மோட்டார் வாயை மூடினால் அவள் வாயைத் திறப்பாள். குழாய் சொட்டுவது, பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவள் கண்ட கனவு, அந்தக் கனவில் இவர் செய்த தப்பு, அதற்கு இவர் இன்னும் மன்னிப்புக் கேட்காதது என்று பெல்ட் இறுகும்வரை பேச்சு ஓடும். மோட்டார் இரைந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் போவாள். மீதி வாக்கியத்தோடு அடுத்த பெல்ட்டுக்கு வருவாள். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவர்கள் பேசியதில் முக்கால்வாசி இப்படிப் பேசியதுதான்.

பெல்ட்டே மாற்றாமல், ஒரு குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைத்தால்? மோட்டார் நிற்காது. மோட்டார் நிற்காவிட்டால் கதவு திறக்காது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

காரணத்தை அப்படியே சொல்ல முடியுமா? “பெல்ட் மாத்தி மாத்தி விரலே போயிடும் போலிருக்கு, ஒரு குமிழ் வச்சுக்கறேன்” என்று மனைவியிடம் வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். அவள் அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“சரி, வச்சுக்குங்க” என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்தவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் சந்தேகப்படவில்லை. கூடத்து ஃபேனின் ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். காற்றாடிக்குச் சரிப்பட்டது இரும்புக்குச் சரிப்படாதா என்பது அவர் கணக்கு. மோட்டார் வயிற்றுவலிக்காரர் மாதிரி முனகியது, சுழலவில்லை, பிறகு புகைந்தது. வயரிங்காரர் வந்து, முகர்ந்து பார்த்து, துக்கம் விசாரிக்கிற குரலில் விளக்கினார். இந்த ரக மோட்டார் ஒரே வேகத்தில் ஓடப் பிறந்தது, அதன் கழுத்தைப் பிடித்தால் செத்துத்தான் போகும். த்ரீ ஃபேஸ் மோட்டார் ஒன்று போட்டு, வீட்டு மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிரைவ் என்ற பெட்டியை வைத்தால், வேகம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

“சொன்ன பேச்சக் கேக்கறதா? அதையே வைப்பா” என்றார் லேத்துக்காரர்.

வைத்தார்கள். குமிழை மெல்லத் திருகினால் லேத் மெல்ல நடந்தது. இன்னும் திருகினால் ஓடியது. காலையில் போட்ட மோட்டார் மத்தியானச் சாப்பாடுவரை நிற்கவில்லை. அவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நினைப்பை ஆரம்பித்து முடிக்கவும் செய்தார். நினைத்து முடித்த பிறகு அது ஒன்றும் பிரமாதமான நினைப்பில்லை என்று தெரிந்தது. போகட்டும்.

முதல் வாரம் அவள் கதவுப் பக்கமே வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தாள். இரைச்சலுக்கு நடுவே வாசலில் நின்று ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் போய்விட்டாள். அடடா, இது முன்பே தெரியாமல் போயிற்றே. மறுநாளும் வந்தாள், மறுநாளும் தலையாட்டினார். சாயங்காலம் பார்த்தால் அவருடைய சாய்வு நாற்காலி பக்கத்து வீட்டில் இருந்தது. நீங்கதானே சரின்னீங்க என்றாள். போனால் போகிறது, நிம்மதிக்கு ஒரு நாற்காலி அதிகமா?

அதற்கடுத்த நாள் அவள் வெகு நேரம் நின்று பேசினாள். அவர் வெகு நேரம் தலையாட்டினார். மறுநாள் காலையில் கையில் ஒரு பையோடு வந்து நின்றாள். உளியின் முனையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் ஒரு புன்னகையும் சேர்த்துத் தலையாட்டினார்.

மத்தியானம் உள்ளே போனால் மேஜைமேல் மூடி வைத்த சாப்பாடு. வீட்டில் ஆளில்லை. பிடிவாதமாகச் சாப்பிட்டு முடித்தார். மூன்று மணிக்குத்தான் போன் செய்தார்.

“அக்காவுக்கு முட்டியில ஆபரேஷன், பத்து நாள் போய் இருக்கட்டுமான்னு கேட்டேனே” என்றாள் அவள். “தலையாட்டினீங்க. காலையில சிரிக்கக்கூட சிரிச்சீங்க.”

அவர் யோசித்துப் பார்த்தார். நேற்று அவள் உதடு அசைந்தது நினைவிருந்தது. சொல் ஒன்றுகூட நினைவில்லை. ஆபரேஷனைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாதே என்று இப்போதுதான் உறைத்தது.

“நேத்து வேற என்ன சொன்ன?”

“இன்னொண்ணு சொன்னேன்.”

“என்னது?”

“நம்ம ரெண்டு பேரைப் பத்தி. அதச் சொல்ல நாலு நாள் யோசிச்சேன். மறுபடி சொல்லணும்னா மறுபடி வரணும்ல?”

அவர் மனசு கேட்காமல் உண்மையைக் கொட்டினார். குமிழ் விரலுக்காக வைத்ததில்லை என்றார்.

“தெரியும். முன்னாடி பெல்ட்டுல நசுங்கினது இடது கை விரல். நீங்க காட்டினது வலது.”

“தெரிஞ்சுமா சரின்ன?”

“ஆசப்பட்டீங்க. சரின்னேன்.”

இதற்கு அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம். திட்டு வாங்கி ஆறிப்போகும் வலி இல்லை இது.

அந்தப் பத்து நாளும் குமிழ் அவர் சொன்னபடி கேட்டது. கேட்க வேறு யாரும் இல்லை. பழைய பழக்கத்தில் ஒரு நாளைக்கு ஏழு தடவை மோட்டாரை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கதவு கதவாகவே இருக்கும். அவள் சொன்னது என்னவாக இருக்கும்? நல்லதா, கெட்டதா? தலையாட்டியது எதற்கு? தூக்கில் போடச் சொன்ன காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் மாதிரி தவித்தார்.

அவள் திரும்பி வந்தாள். இனி அவள் நிழல் தெரிந்தாலே மோட்டாரை நிறுத்துவது என்று சபதம் எடுத்திருந்தார்; நிறுத்தவும் செய்தார். அவளோ, ஒண்ணுமில்ல, சாப்பாடு ஆச்சு, நீங்க ஓட்டுங்க என்று போய்விடுவாள். மூன்று நாள் இப்படி. கேட்டாலும், தோணும்போது சொல்றேன் என்பாள். கேட்கக் காது தயாரானபோது பேச்சு வற்றிவிட்டதே என்று அவர் உளியைக் கீழே வைத்தார்.

நான்காம் நாள் உருளைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வயரிங்காரர் அவர் வீட்டிலிருந்து போவதைப் பார்த்தார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை நல்ல வேலைக்கு நடுவே மோட்டார் தானாகத் தணிந்தது. தணிந்து தணிந்து நின்றேபோனது. குமிழைத் திருகினார். அசைவில்லை. மின்சாரம் இருந்தது. கோளாறு என்று பெட்டி எதுவும் காட்டவில்லை. வயரிங்காரருக்குப் போன் போட்டார். அவர் நிதானமாகச் சொன்னார்: பெட்டியில் நிறுத்துவதற்கென்று தனியாக ஓர் இடம் உண்டு, அண்ணி கேட்டதால் அங்கிருந்து இரண்டு வயர் இழுத்துச் சமையலறையில் ஒரு பொத்தான் வைத்தாயிற்று. அங்கிருந்து நிறுத்தத்தான் முடியும், ஓட்ட முடியாது, ஆபத்தில்லை. ஆனால் அண்ணி அமுக்கினதை அண்ணியே விடுவிக்காமல் அண்ணன் ஓட்டவும் முடியாது.

லேத்துக்காரருக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குத் தோன்றிவிட்டது. சொல்லப்போகிறாள். கையைத் துடைத்தார், துடைத்த கையை மறுபடி துடைத்தார், கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்குள் போனார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்பாக ஒரு பொத்தான். அதன்மேல் அவள் விரல்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லு” என்றார். “எவ்வளவு நேரம் ஆனாலும் கேக்கறேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லங்க. வேலை செய்யுதான்னு பாத்தேன்.”